நெடுந்தீவுக் குதிரையின் மண்ணீரல்

சென்ற புரட்டாசியில் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நான் முன்பு வேலை செய்த ஆய்வுகூடத்தில் இப்போது இருக்கும் பிள்ளை. பெயரும் சொன்னாள், மறந்துவிட்டேன்.

"ஐயா, புது மெசின் ஒண்டு வந்திருக்கு. நாளைக்கு வாணி விழா. உதுக்குப் பொட்டு எங்கை வைக்கிறதெண்டு இஞ்சை ஒருத்தருக்கும் தெரியேல்லை. தவராசா ஐயாட்டைக் கேளுங்கோ எண்டு சொல்லிச்சினம்."

முப்பத்துமூன்று வருடம் வேலை செய்த ஒருவனிடம், ஓய்வுபெற்ற பிறகு, அவன் துறை கேட்ட ஒரே கேள்வி இதுதான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உலகத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை.

"வெளியிலை வையுங்கோ, பிள்ளை. மூடியைத் திறக்காதேங்கோ. அடுத்தநாள் வேலை தொடங்க முதல் பூச்சியம் எடுங்கோ."

"விசயதசமியிலையோ? முதல் வாசிப்பே பூச்சியமோ?" என்று இழுத்தாள். அந்த இழுவையைக் கேட்டதும்தான் இதை எழுதிவைப்போம் என்று உட்கார்ந்தேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆய்வுகூட உதவியாளருக்கான இரண்டு வருடப் பயிற்சி போர்க்கால இடம்பெயர்வுகளோடு ஐந்து வருடமாக நீண்டது. மண்ணெண்ணெயில் குளிர்சாதனப் பெட்டி ஓட்டப் பழகினேன். நுணுக்குக்காட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டி மூன்று ஊர் மாற்றினேன். பரீட்சையில் இவை எதற்கும் புள்ளி இருக்கவில்லை.

எஸ்தர் மடம் (மேடத்தை நாங்கள் மடம் என்போம்) என் மேலாளர். உயிரிரசாயனப் பேராசிரியர். தெல்லிப்பழைப் பக்கத்து மிசன் குடும்பம், தகப்பன் பாதிரியார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவது போலவே திங்கட்கிழமை ஆய்வுகூடத்துக்கு வருவார்: அதே நேரம், அதே வெள்ளைச் சீலை, அதே குடை. கோபம் வந்தால் அவருக்குக் குரல் குறையும். குரல் கேட்காமலே போய்விட்டால் ஆளாளுக்கு ஒரு மூலை தேடுவோம். எங்களுடைய வாணி விழாவுக்கு, அந்தச் சரஸ்வதி பூசைக்கு, அவர்தான் ஒவ்வொரு வருடமும் அவல் வாங்கித் தருவார்; பூசை முடியும்வரை கைகட்டிப் பின்னால் நிற்பார்.

அவருக்கு ஓய்வுபெறப் பத்து மாதம் இருந்தபோது ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு இருக்கச் சொன்னார். பொதுவாக இருக்கச் சொல்லமாட்டார்.

"தவராசா, நான் முப்பது வருசமாய் மற்றவை கண்டுபிடிச்சதைப் படிப்பிச்சுக்கொண்டு வாறன். கரண்ட் இல்லாமல் வளர்த்த உயிர்க்கலங்கள் செத்துது. கலங்கள் இருக்கேக்கை நாங்கள் ஓடினம். ஒரு விசயத்தையாவது என்ரை கண்ணாலை கண்டுபோட்டுப் போகவேணும்."

அந்த ஒரு விசயம் பெரிற்றின். உடம்பு இரும்பைச் சேமித்துவைக்கும் புரதம். இருபத்துநான்கு துண்டுகள் சேர்ந்த ஒரு பொள்ளல் பந்து. அதற்குள் ஆயிரக்கணக்கில் இரும்பு அணுக்கள் அடைந்திருக்கும். அந்தப் பந்து கலத்துக்குள்ளேயே கிடப்பதில்லை, இரத்தத்திலும் திரியும். திரிகிற பந்தை மனிதக் கலம் எப்படிப் பிடித்துக்கொள்கிறது? கலத்தின் மேற்பரப்பில் வாங்கி என்ற இன்னொரு புரதம் நீட்டிக்கொண்டு நிற்கும். பெரிற்றின் போய் அதில் ஒட்டும், கலம் உள்ளே இழுக்கும். இதை வெளிநாட்டில் எப்போதோ கண்டுவிட்டார்கள். மடத்துக்கும் அது தெரியும். அவருக்கு வேண்டியிருந்தது, தன் கலத்தில், தன் குழலில் அது ஒட்டுவதைக் காண்பது.

செய்முறையை எனக்கு அவர் விளங்கப்படுத்திய விதத்தை நான் மறக்கவில்லை.

"எல்லாம் ஐசிலை. குளிருக்குள்ளை கலம் தன்ரை வேலிப் படலையைத் திறக்காது. வந்தவர் படலையைப் பிடிச்சுக்கொண்டு வெளியிலை நிப்பார். நாங்கள் எண்ண வேண்டியது படலையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறவையை மட்டும். வேலியிலை சும்மா சாய்ஞ்சு நிக்கிறவையும் இருப்பினம். அவையைக் கழிக்கவேணும்."

பெரிற்றினுக்கு ஒளிரும் சாயம் ஒன்றைப் பூசி, கலங்களோடு ஐசில் ஒரு மணித்தியாலம் விட்டு, குளிர்ந்த உப்புக் கரைசலால் மூன்று முறை கழுவ வேண்டும். மிஞ்சும் ஒளியை ஒளிர்மானியில் வாசிக்க வேண்டும். இன்னொரு தொகுதிக் குழல்களில், சாயம் பூசாத பெரிற்றினை முதலிலேயே அள்ளிக் கொட்டி எல்லாப் படலைகளையும் அடைத்துவிடுவோம். அதற்குப் பிறகும் தெரிகிற ஒளி, வேலியில் சாய்ந்து நிற்கிறவர்கள். அதைக் கட்டுப்பாடு என்போம். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் ஒட்டினது. மூன்றாம் கழுவலின்போது மடம் என் தோளுக்குப் பின்னால் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அந்த மூச்சு பிடரியில் பட்டால் என் கை தானாக மெதுவாகும்.

பெரிற்றினுக்கு எங்கே போவது? வெளிநாட்டுக்கு அனுப்பிய வேண்டுகோள் எங்கோ ஒரு மேசையில் நித்திரை கொண்டது. பாடப்புத்தகத்தில் இருக்கும் பழைய வழி, குதிரையின் மண்ணீரலிலிருந்து பிரித்தெடுப்பது. யாழ்ப்பாணத்தில் குதிரைக்கு எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு நெடுந்தீவு இருக்கிறதே. ஒல்லாந்தர் விட்டுப்போன குதிரைகள் என்று சொல்வார்கள், கட்டாக்காலியாகத் திரியும். கோடையில் தண்ணீர் இல்லாமல் ஒன்றிரண்டு சாகும். சாகிற குதிரை ஒன்றின் மண்ணீரலை எடுத்துத் தர மிருகவைத்தியர் ஒருவர் சம்மதித்தார். ஆனால் எழுத்தில் அனுமதி வேண்டும் என்றார்.

அனுமதி கொடுக்கும் அலுவலகத்து லிகிதர் படிவத்தை என் பக்கம் திருப்பினார்.

"உரிமையாளரின்ரை கையொப்பம் இல்லை."

"கட்டாக்காலிக் குதிரை, அண்ணை. உரிமையாளர் இல்லை."

"அந்த இடத்தை வெறுமையாய் விடேலாது. குதிரை தனக்குத்தானே உரிமையாளர் எண்டு எடுப்பமோ?"

"எடுங்கோ."

"அப்ப அவர் கையொப்பம் வைக்கேலாது. 'காலமானார்' எண்டு போடுவம்." போட்டார். அதற்கு மரணச் சான்றிதழ் இணைக்க வேண்டும் என்றார். இன்னும் சாகாத குதிரைக்கு மிருகவைத்தியர் முற்கூட்டியே ஒன்று எழுதித் தந்தார். இறந்தவரின் தொழில் என்ற இடத்தில் கோடு கீறியிருந்தார்.

ஆவணியில் ஒரு காலை அழைப்பு வந்தது. நல்லூர்த் திருவிழாவின் எட்டாம் நாள். யாழ்ப்பாணத்தில் பாதிப்பேர் அந்த இருபத்தைந்து நாளும் மச்சம், மாமிசம் தொடமாட்டார்கள். நானும் விரதம். முதல் வள்ளத்தில் போய், மீன் ஐஸ் நிரப்பிய றெஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பெட்டியில் மண்ணீரலை வாங்கிக்கொண்டு திரும்பினேன். வள்ளத்தில் பக்கத்தில் இருந்த அம்மா பெட்டியை முகர்ந்தார்.

"தம்பி, என்ன மீன்?"

"மீனில்லை அம்மா. மண்ணீரல்."

"ஆட்டின்ரையோ?"

பொய் சொல்லியிருக்கலாம். "குதிரையின்ரை" என்றேன்.

அவர் எழும்பி மறுபக்கம் போனார். அவர் பின்னால் அந்த வரிசை முழுக்கப் போனது. வள்ளம் ஒரு பக்கம் சரிந்தது. ஓட்டி எட்டிப் பார்த்து, "அண்ணை, நீங்கள் பெட்டியோடை மேலை ஏறி இருங்கோ, இல்லாட்டில் எல்லாரும் கவிழப்போறம்" என்றார். குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் கூரையில் உச்சி வெயிலில், ஐஸ் தண்ணீர் மடியில் ஒழுக ஒழுக வந்தேன்.

மண்ணீரலிலிருந்து பெரிற்றினைப் பிரிக்கும் முறை எளிது. அதுதான் தொல்லையே. மண்ணீரலை அரைத்துத் தண்ணீர் விட்டுச் சூடாக்க வேண்டும். மற்றப் புரதங்கள் எல்லாம் அவிந்து திரளும், பெரிற்றின் மட்டும் சூட்டைத் தாங்கிக் கரைசலிலேயே நிற்கும். சுருக்கமாகச் சொன்னால் ஈரல் குழம்பு வைப்பதுதான், கறித்தூள் இல்லாமல். நல்லூர்த் திருவிழா நடக்க, முழுக் கட்டடமும் மரக்கறியாக இருக்க, நான் மூன்றாம் மாடியில் குதிரை அவித்தேன். மணம் படியிறங்கிப் போனது. கீழ்மாடியிலிருந்து விரதக்காரர் ஒருவர் ஏறிவந்து வாசலில் நின்று திருநீற்றைப் பூசிக்கொண்டு இறங்கிப்போனார். வடித்தெடுத்த செம்மண்ணிறச் சாற்றில் பெரிற்றினைப் படியவைக்க அமோனியம் சல்பேற்று உப்பை நான் கரண்டி கரண்டியாகப் போடும்போது, கூட்டித் துடைக்க வந்த யோகம்மா அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஐயா, உப்புக் காணுமோ எண்டு ஆர் பாக்கிறது?"

என் மனைவி திருவிழா முடியும்வரை என்னைக் குசினிக்குள் விடவில்லை. "தொட்டது கையுறையடி" என்றேன். "அப்ப கையுறை வந்து சாப்பிடட்டும்" என்றாள்.

சாயம் பூசி, கலம் வளர்த்து எல்லாம் ஆயத்தமாகப் புரட்டாசி முடிந்து ஐப்பசி வந்துவிட்டது. சரஸ்வதி பூசை அன்று காலை பரிசோதனையைத் தொடங்கினோம். மடம் மத்தியானம் வெளியே ஒரு கூட்டத்துக்குப் போகவேண்டியிருந்தது. "எல்லாக் குழலையும் ஒரே இருப்பிலை வாசியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வெறும் குழலை வைத்துக் கருவியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன்; அதைத்தான் பூச்சியம் எடுப்பது என்போம். கட்டுப்பாட்டுக் குழல்களை வாசித்தேன். முப்பதுக்குக் கிட்ட வந்தது. அதற்குள் பூசை நேரம் வந்துவிட்டது. கருவிகள் எல்லாவற்றையும் பூசைக்கு விட்டுவிட வேண்டும், அடுத்தநாள் காலைவரை தொடக்கூடாது. மற்றக் குழல்களை இருட்டில் சுற்றிக் குளிரில் வைத்தேன்.

பொட்டு வைப்பது என் பொறுப்பு. அதில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. எந்தக் கருவிக்கும் நெற்றி எது என்று முதலில் முடிவுசெய்ய வேண்டும். தராசுக்கு எண் தெரியும் இடத்துக்கு மேலே. குளிர்சாதனப் பெட்டிக்குக் கதவு. ஒளிர்மானிக்கு? அது ஒளியைப் பார்க்கிற கருவி. அதன் கண், மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கும் சின்ன யன்னல். ஆகவே நெற்றி, உள்ளே, யன்னலுக்கு மேலே. மஞ்சள் கலந்த சந்தனத்தைப் பன்னீரில் தாராளமாகக் குழைத்து வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன். மடத்தின் காரியம் கைகூட வேண்டும் என்று மனதார நேர்ந்தேன்.

விசயதசமி காலை. வாசிக்கும் முன் திரும்பவும் பூச்சியம் எடுக்க வேண்டும், அதுதான் ஒழுங்கு. ஆனால் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குகிற நாளில், கொப்பியில் அந்த நாளின் முதல் எண்ணாகப் பூச்சியத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. நேற்று எடுத்த பூச்சியம்தானே, ஒரு இரவில் எங்கே போய்விடும்? நேரே குழலை வைத்தேன். ஐந்நூற்றுச் சொச்சம். வாசிப்பை எழுதிய பிறகு, மேலே விட்டிருந்த வரியில் பூச்சியம் எடுத்ததாக ஒரு பூச்சியத்தையும் போட்டேன்.

மடத்திடம் கொப்பியைக் கொண்டுபோனேன். எண்ணைப் பார்த்தார். கட்டுப்பாட்டைப் பார்த்தார். குரல் போய்விட்டது. நான் பயந்துபோனேன், ஆனால் அது கோபம் இல்லை. "ஐந்நூறோ, தவராசா?" என்றார், ஒரு சின்னப் பிள்ளை கேட்பதுபோல. மூன்று கிழமையில் வருடாந்த ஆய்வரங்கு. அங்கே பேசப் பெயர் கொடுத்தார். அந்தக் கிழமை முழுக்க அவர் குடையை ஆய்வுகூடத்தில் மறந்து மறந்து விட்டுப்போனார்.

ஐந்தாம் நாள் ஒளிர்மானியைத் துடைக்கத் திறந்தேன். சந்தனம் வழிந்து யன்னல்வரை வந்து காய்ந்திருந்தது. வெறும் குழலை வைத்து வாசித்தேன். ஐந்நூறு. மஞ்சள் ஒளிரும் என்பது எனக்குத் தெரியாத விசயமா என்ன?

இப்போது சொன்னால் சிரிப்பீர்கள், நான் செய்தது துடைத்ததுதான். சத்தம் போடாமல் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அடுத்தநாள் மடம், "இன்னொருக்காச் செய்வம், அரங்கிலை கேட்டால் காட்ட வேணும்" என்றார். செய்தோம். ஒன்றும் ஒட்டவில்லை. கட்டுப்பாடு முப்பது, மற்றதும் முப்பது. மீண்டும் செய்தோம், அதே முப்பது.

"பெரிற்றின் பழுதாப்போச்சு" என்றார் மடம். "புதுசாய் எடுக்கவேணும். நீர் நெடுந்தீவுக்குப் போம். ஏதாவது குதிரை ஏலாமல் கிடக்கோ எண்டு பாரும்."

வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். போனேன்.

இரண்டு நாள் அந்தத் தீவில் நான் குதிரை பார்த்தேன். மழை தொடங்கிவிட்டது, புல் முளைத்துவிட்டது, குதிரைகள் எல்லாம் கொழுத்துப்போய் நின்றன. நோஞ்சானாகத் தெரிந்த ஒன்றின் பின்னால் மத்தியானம் முழுக்க நடந்தேன். அது மேய்ந்தது, நான் நின்றேன். அது நடந்தது, நானும் நடந்தேன். மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் கடைசியில் கேட்டார்:

"அண்ணை, உந்தக் குதிரையிட்டை உங்களுக்கு என்ன வேணும்?"

"செத்தால் மண்ணீரல் வேணும்."

அவர் குதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது சாகிறதாய் எனக்குத் தெரியேல்லை. நீங்கள்தான் களைச்சுப்போனியள். வந்து தண்ணி குடியுங்கோ."

அவர் தந்த தண்ணீரைக் குடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் எழுதிய ஒரு பொய்ப் பூச்சியத்துக்காக நல்ல குதிரை ஒன்று சாகவேண்டும் என்று விரும்பிக்கொண்டு நிற்கிறேன். அடுத்த வள்ளத்தில் திரும்பினேன்.

அரங்குக்கு இரண்டு நாள் இருந்தது. மடம் தன் அறையில் படங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

"மடம், அண்டைக்கு ஒட்டினது பெரிற்றின் இல்லை."

"பின்னை?"

"சந்தனம்."

எல்லாவற்றையும் சொன்னேன். குரல் போகும் என்று காத்திருந்தேன். அவர் கொப்பியை எடுத்து விசயதசமிப் பக்கத்தைத் திறந்து விரலை வைத்தார்.

"உந்தப் பூச்சியம் நீர் வாசிச்சதோ?"

"இல்லை, மடம். எழுதினது."

"பொட்டு வைச்சதுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன். வாசிக்காததை எழுதினீரே, தவராசா. இருபது வருசமாய் நான் பாக்காமல் கையெழுத்து வைச்சது உம்மடை எழுத்தை நம்பி."

அதைவிட அவர் அடித்திருக்கலாம். பிறகு அவர் எழும்பி, ஒளிர்மானி இருந்த அறைக்கு நடந்தார். "சந்தனம் மிச்சம் கிடக்கோ?" என்றார். கிடந்தது. "அளந்து வையும்."

அன்று பின்னேரம் நாங்கள் இருவரும் சந்தனத்தை அளந்து அளந்து வைத்து வாசித்தோம். குண்டூசித் தலையளவு, நெல்லளவு, பயறளவு. அளவு கூடக் கூட ஒளி கூடியது. என் தொழில் வாழ்வில் அவ்வளவு நேரான கோடு ஒன்றை அதற்கு முன் நான் கீறியதில்லை.

அரங்கில் அவர் அந்தக் கோட்டைத்தான் காட்டினார். தன் முடிவு பிழை என்று தொடங்கி, ஏன் பிழை என்று முடித்தார். என் பெயரைச் சொல்லவில்லை, "நாங்கள்" என்றார். "குதிரை மண்ணீரலில் இருக்கிற பெரிற்றினில் இலேசான வகைத் துண்டுகள்தான் அதிகம். நாங்கள் பார்க்க நினைத்த வாங்கி பிடிப்பது பாரமான வகையை. இது நான் வாசித்த விடயம். குதிரை கிடைத்த சந்தோசத்தில் மறந்துவிட்டேன்" என்று தன் பிழையையும் சொன்னார். மண்டபம் சிரித்தது. பின்வரிசையில் ஒருவர் எழும்பி, "மடம், அது எந்தக் கோயில் சந்தனம்?" என்று கேட்டார். "கடைச் சந்தனம். கோயில் சந்தனத்தை நாங்கள் இன்னும் பரிசோதிக்கவில்லை" என்றார் மடம், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். நான் வாசலடியில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பு முழுக்க எனக்குரியது. அதை அவர் வாங்கிக்கொண்டார்.

அவர் ஓய்வுபெற ஒரு கிழமை இருக்கும்போது, நோர்வேயில் இருந்து விடுமுறைக்கு வந்த பழைய மாணவி ஒருத்தி சின்னக் குப்பி ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள். மனிதப் பெரிற்றின், பாரமான வகை. ஒரே ஒரு பரிசோதனைக்குத்தான் காணும். கால்பங்குக்குச் சாயம் பூசினோம், முக்கால் பங்கைப் படலை அடைக்க வைத்தோம்.

எல்லாக் குழலையும் ஒரே இருப்பில் வாசித்தேன். மடம் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சியம் எடுத்து, "பூச்சியம்" என்று உரக்கச் சொல்லி எழுதினேன். கட்டுப்பாடு இருபத்தொன்பது. அடுத்த குழலை வைத்தேன்.

நாற்பத்தாறு. அடுத்தது நாற்பத்துநான்கு. அடுத்தது நாற்பத்தேழு.

ஐந்நூறு இல்லை. ஆனால் உள்ளே சந்தனம் இல்லை, பொய்யும் இல்லை. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "உது உலகத்துக்கு முதலே தெரியும்தானே, மடம்?" என்றேன்.

"ஓம். உலகத்துக்குத் தெரியும்" என்றார். "நான் இப்பத்தான் கண்டனான். முதல் குழலை இன்னொருக்கா வையும்."

வைத்தேன். நாற்பத்தைந்து. ஒளியில் காட்டக் காட்டச் சாயம் மங்கும், எண் குறையும். பார்த்துப் பார்த்தே அதை அழிக்கிறோம் என்று இருவருக்கும் தெரியும். இன்னொருக்கா என்றார். வைத்தேன். இன்னொருக்கா என்றார். ஏழு தரம் வாசித்தோம். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் குறைந்தது. ஏழாம் தரமும் இருபத்தொன்பதுக்கு மேலேதான் நின்றது.